கதவுப் பக்கம்

ஜூன் 4

வெள்ளெலிக்கு,

அண்ணன் எழுதுகிறேன். போன் அடித்தால் எடுக்க மாட்டேன் என்கிறாய். மணி அடங்கும்வரை காதில் வைத்துக் கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருக்கிறேன். உன் அண்ணிதான், "எடுக்காத போனுக்கு எதுக்கு அடிச்சுக்கிட்டே இருக்கீங்க, ரெண்டு வரி எழுதிப் போடுங்க" என்றாள். உளி பிடித்த கைக்குப் பேனா பிடிபடவில்லை. எழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும். பொறுத்துக்கொள்.

சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன். பெரிய சமணக் கோயிலில் கிழக்குச் சன்னதி கட்டி முடிந்துவிட்டது. அதில் வைக்க ஒரு தீர்த்தங்கரர் வேண்டுமாம். உட்கார்ந்த நிலை, ஒரே வெள்ளைக் கல், ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே. ஊரில் தடுக்கி விழுந்தால் பட்டறை. செம்பு தட்டுகிறவன், சாயம் போடுகிறவன், மரம் கடைகிறவன், கல் செதுக்குகிறவன் என்று தெருவுக்கு ஒரு தொழில். இத்தனை பேரைத் தாண்டி நம்மிடம் வந்திருக்கிறார்கள். கோயில் செயலாளர் பட்டறைக்குள் நின்று, "உங்க ரெண்டு பேர் கையும் வேணும்" என்றார். நான் தலையாட்டிவிட்டேன். அதில் ஒரு ஜோடிக் கை எங்கே இருக்கிறது என்று எனக்கே தெரியாது என்பதைச் சொல்லவில்லை. உன்னைப் பார்த்ததாக ஒருவர் சொன்ன கல் கடைக்குத்தான் இதைப் போடுகிறேன்.

நான் சிலையின் வலப் பாதிக்காரன், நீ இடப் பாதிக்காரன். மீசை முளைக்காத வயதிலிருந்து அப்படித்தான். நான் கதவுப் பக்கம், நீ சுவர்ப் பக்கம், நடுவில் கல். நான் ஒரு தட்டு, நீ ஒரு தட்டு. கடைசியில் மூக்குத் தண்டில் வந்து சந்திப்போம். நீ போன நாலு வருடமாகத் தூணும் மேற்கூரைத் தாமரையும்தான் செய்கிறேன். முகம் என்று ஒன்றைத் தொடவில்லை. பாதி முகத்துக்கு மேல் எனக்குத் தெரியாதே.

நடந்தது நடந்துவிட்டது. நாலு பேர் முன்னால் நானும் வாயை விட்டேன். நீ மட்டும் சும்மா இருந்தாயா? தங்கமான கல்லில் மெஷினோடு தண்ணீர்க் குழாயைச் சேர்த்துத் திறந்துவிட்டு, நெற்றி வர வேண்டிய இடத்தில் துருக் கோடு ஏற்றினாய். உள்ளே இரும்பு ஓடுகிற இந்தக் கல்லுக்குத் தண்ணீர் ஆகாது என்று பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். அது இன்னும் கொல்லையில் கிடக்கிறது. உன் அண்ணி அதன் முதுகில் துணி துவைக்கிறாள். வந்து பார்.

மழைக்காலம் முடிந்தவுடன் சிலையை நிறுத்த நாள் குறித்துவிட்டார்கள். தம்பி உடையான் படைக்கு அஞ்சான் என்பார்கள். எனக்குப் படை வேண்டாம். நீ வந்து ஒரு கண், ஒரு காது, ஒரு தோள் செய்துவிட்டுப் போ.

அண்ணன்


ஜூன் 17

அண்ணனுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. நான் நலம். கவரில் நீங்கள் எழுதியது நான் வேலை செய்யும் கல் கடையின் முகவரிதான். சமையல் மேடைக்குக் கல் அறுத்துப் பாலிஷ் போடுகிற கடை. சாமியும் இல்லை, முகமும் இல்லை. நிம்மதி.

என்னால் வர முடியாது.

வாயை விட்டேன் என்று ஒரு வரியில் எழுதிவிட்டீர்கள். என்ன சொன்னீர்கள் என்று நான் எழுதட்டுமா? "கை வேலை வராதவனுக்குத்தான்டா தூசியப் பாத்தா பயம் வரும்." வேலையாட்கள் எல்லோரும் சிரித்தார்கள். அவர்கள் சிரிப்பை நான் மறந்துவிட்டேன். நீங்களும் சேர்ந்து சிரித்தீர்கள்.

நம் பட்டறையில் இருந்த பாலிஷ்காரரை நினைத்துப் பாருங்கள். கடைசிக் காலத்தில் படுத்தால் மூச்சு வராது என்று உட்கார்ந்தபடியே தூங்கினார். அவரைப் பார்த்துவிட்டு வந்துதான் நான் தூசி அடங்கத் தண்ணீர், தண்ணீர் என்று உங்கள் காலைச் சுற்றினேன். துரு ஏறும் என்று ஒரே பாட்டைப் பாடினீர்கள். துரு ஏறாத கல்லைக் கேட்டு வாங்கலாமே என்றேன். வெள்ளை போதாது என்றீர்கள்.

கோயில் துறவிகள் நம் தெரு வழியாக வாய்க்கு முன்னால் வெள்ளைத் துணியைப் பிடித்துக்கொண்டு போவார்களே. காற்றில் இருக்கிற கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் தங்கள் மூச்சுப் பட்டுச் சாகக் கூடாது என்று. எனக்கு அவர்கள்மேல் எப்போதும் மரியாதை உண்டு. ஆனால் அவர்கள் கும்பிடுகிற சிலையைச் செய்கிற நாம் கண்ணுக்கு நன்றாகத் தெரிகிற உயிர்கள். அதனால்தானோ என்னவோ யார் கண்ணிலும் படவில்லை.

அண்ணிக்கு என் வணக்கம். துணி துவைக்கவாவது அந்தக் கல் உதவுகிறதே.

இப்படிக்கு,
தங்கள் தம்பி


ஜூன் 25

வெள்ளெலிக்கு,

நீங்களாம், உங்களாம், தங்களாம்! நான் என்ன உனக்கு பாங்க் மானேஜரா? உன் அண்ணியிடம் படித்துக் காட்டினேன். "கோவம் இன்னும் பச்சையாத்தான் இருக்கு" என்றாள். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. அப்புறம் வரவில்லை.

கல் வந்து இறங்கிவிட்டது. லாரியிலிருந்து இறக்கும்போதே சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தேன். வெண்கலம் மாதிரி நின்று ஒலித்தது. விரிசல் இல்லை, பொத்தல் இல்லை. பால் நிறம். இப்படி ஒரு கல் இனி நம் ஆயுசுக்கு வராது. பார்த்தவுடன் உன் ஞாபகம்தான். தான் ஆடாவிட்டாலும் தன் தசை ஆடும் என்று சும்மாவா சொன்னார்கள்?

வலப் பக்கத்தை ஆரம்பித்துவிட்டேன். காதும் கன்னமும் வந்துவிட்டன. நான் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, உன் தட்டுக்காகக் கை தானாக நிற்கிறது. எதிரே சுவர்தான் இருக்கிறது. பைத்தியக்காரன் மாதிரி காத்திருந்துவிட்டு அடுத்த தட்டைப் போடுகிறேன்.

தூசி, தூசி என்கிறாயே. என்னைப் பார். ஒரே பட்டறை, ஒரே கல், ஒரே தூசி. எனக்கு என்ன ஆனது? காளை மாதிரி இருக்கிறேன். ஒரு தும்மல் உண்டா? எனக்கு வராதது உனக்கு மட்டும் எங்கிருந்து வரும்? பாலிஷ்காரர் பீடி குடித்தார், போனார். உனக்கு வேலையில் சுத்தம் போதாது, அவ்வளவுதான். சாயங்காலம் பட்டறையை விட்டு இறங்கும்போது நான் மனிதனாக இறங்குவேன், நீ மாவு டப்பாவில் விழுந்த எலியாக இறங்குவாய். அந்தப் பேரே அதனால்தானே வந்தது. நான் வைத்த பேர் தெருவுக்கே பேராகிவிட்டது.

அரைத்த மாவையே அரைக்காமல் கிளம்பி வா. உனக்குப் பிடித்த பலகையைத் துடைத்துப் போட்டிருக்கிறேன்.

அண்ணன்


ஜூலை 11

அண்ணா,

வர முடியாது என்றால் வர முடியாது. கை முன்பு மாதிரி இல்லை. வேறு ஒன்றும் இல்லை.

என் பலகையை எடுத்து உள்ளே வை. சுவர்ப் பக்கம் வேறு யாரையும் உட்கார வைக்காதே. ஏன் என்று கேட்காதே. கல்லைத் திருப்பி வைத்துக்கொண்டு இடப் பாதியையும் கதவுப் பக்கமிருந்தே செய்.

முடிந்தால் தண்ணீர் ஊற்று. முடியாது என்பாய். தெரியும்.

தம்பி


ஜூலை 28

தம்பிக்கு,

உன் கடிதத்தைப் படித்த கோபத்தில்தான் உட்கார்ந்தேன். இவன் வராவிட்டால் கல் என்ன அழுதுகொண்டா நிற்கும் என்று, உன் பலகையில், சுவர்ப் பக்கம், நானே போய் உட்கார்ந்தேன். அந்தக் கல்லைத் திருப்ப எட்டு ஆள் வேண்டும், அது உனக்கும் தெரியும்.

இத்தனை வருடத்தில் அந்தப் பக்கம் நான் உட்கார்ந்தது முதல் தடவை. அங்கிருந்து பார்த்தால் நம் பட்டறை வேறு யாருடைய பட்டறை மாதிரியோ இருக்கிறது. கதவு தெரிகிறது. எதிர் வீட்டில் செம்புக் குடம் தட்டுகிறவர்கள் தெரிகிறார்கள். நான் உன்னையும் சுவரையும் மட்டுமே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

மெஷினைப் போட்டு இடக் கன்னத்தில் முதல் வெட்டு வெட்டினேன். தூசி கிளம்பியது. கதவு வழியாக வந்த காற்று அதை அப்படியே அள்ளி என் முகத்தில் கொட்டியது. துடைத்துக்கொண்டு மறுபடி வெட்டினேன். மறுபடியும் முகத்தில். பின்னால் திரும்பினால் சுவர். ஜன்னல் கிடையாது. வந்த தூசிக்குப் போக இடம் இல்லை, அங்கேயே நின்று என்மேல் இறங்கியது. இதைத் தாங்கிக்கொண்டா இவன் அந்த மாதிரிக் கண் செதுக்கினான் என்று நினைத்தேன்.

மதியம் சாப்பிட வீட்டுக்குள் போனேன். உன் அண்ணி தட்டோடு அப்படியே நின்றுவிட்டாள். "ஒரு நிமிஷம் தம்பி வந்துட்டாருன்னு நெனச்சேன்" என்றாள். கண்ணாடியில் பார்த்தேன். தலை, புருவம், காது மடல் எல்லாம் வெள்ளை.

அதற்குப் பிறகு சாப்பாடு இறங்கவில்லை.

நான் சுத்தக்காரன் இல்லை தம்பி. கதவுக்காரன். அவ்வளவுதான். நான் வெட்டிய தூசியும் உன்னிடம்தான் வந்தது, நீ வெட்டிய தூசியும் உன்னிடம்தான் இருந்தது. என் பங்கையும் சேர்த்து நீ தின்றிருக்கிறாய். நான் அதைப் பார்த்துச் சிரித்து, பேரும் வைத்தேன்.

அன்றைக்கே கல் கடைக்காரருக்குப் போன் செய்தேன். "அவரு இங்க வேலை பாத்து ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சுங்க. எங்க இருக்காருன்னு மட்டும் கேக்காதீங்க, சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணியிருக்கேன்" என்று வைத்துவிட்டார். சத்தியம் வாங்கிக்கொள்கிற அளவுக்கு அப்படி என்ன இடத்தில் இருக்கிறாய்?

நீ ஏன் போன் எடுப்பதில்லை? கோபத்தால் என்று எழுது. கோபம்தான் என்று எழுதிவிடு, உன் காலில் விழுகிறேன்.

அண்ணன்


ஆகஸ்ட் 8

அண்ணா,

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க நினைத்தேன். கடைக்காரர் நல்லவர், பொய் சொல்லத்தான் வராது. உன் கடிதங்களை அவர்தான் கொண்டுவந்து தருகிறார்.

நெஞ்சு நோய் ஆஸ்பத்திரியில் இருக்கிறேன். பெரிய ஹால், இரண்டு வரிசைக் கட்டில். மூக்கில் குழாய் போட்டிருக்கிறார்கள். குழாய் இருந்தால் கக்கூஸ்வரை நடக்கலாம். போன் எடுக்காததற்குக் கோபம் காரணம் இல்லை. முதலில் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். இப்போது இரண்டு வார்த்தை பேசினால் மூன்றாவது இருமலாக வருகிறது. உன் காதில் அது விழ வேண்டாம் என்று பார்த்தேன். எழுதும்போது இருமினால் உனக்குக் கேட்காது.

பாலிஷ்காரர் மாதிரி நானும் உட்கார்ந்தே தூங்குகிறேன். முதுகுக்கு மூன்று தலையணை. காலையும் மடக்கி வைத்தால் சிலையேதான். எல்லாத் தீர்த்தங்கரருக்கும் ஒரே முகம், பீடத்தில் இருக்கிற சின்னத்தை வைத்துத்தானே இவர் யார் என்று சொல்லுவோம்? சிங்கம், காளை, பாம்பு என்று. எனக்கு ஒரு எலி செதுக்கிவிடு.

சிரிப்பு வரவில்லை இல்லையா? எனக்கும் வரவில்லை.

தண்ணீரைத் திறந்துவிட்டேனே, அன்று காலையில்தான் டாக்டர் என் நெஞ்சுப் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டியிருந்தார். பஞ்சைப் பிய்த்துப் போட்ட மாதிரி இருந்தது. அதற்கு முந்தின மாதம் நீயும் அண்ணியும் பார்த்து வைத்த பெண்ணை வேண்டாம் என்றேனே, அதுவும் இதனால்தான். சந்தேகம் வந்துவிட்டது, ஒரு பெண்ணின் பாவம் எதற்கு? பட்டறைக்கு வந்து உன்னிடம் சொல்லிவிடத்தான் நினைத்தேன். சொல்லியிருந்தால் அந்த நிமிடமே தண்ணீர் ஊற்றச் சம்மதித்திருப்பாய். எனக்காகச் சம்மதிக்கக் கூடாது, நியாயம் என்று பட்டுச் சம்மதிக்க வேண்டும் என்று ஒரு வீம்பு. அதனால் சொல்லாமல் குழாயைத் திறந்தேன். வீம்பில் நானும் உன் தம்பிதானே?

இங்கே எல்லோருக்கும் ஒரே காசநோய் மருந்து. தூசி தின்ற எனக்கும் அதுதான். டாக்டர் "பாக்கலாம், பாக்கலாம்" என்கிறார். என் கண்ணை மட்டும் அவர் பார்ப்பதில்லை.

நீ வர வேண்டாம்.

தம்பி


ஆகஸ்ட் 19

தம்பிக்கு,

வந்தேன். உனக்கே தெரியும்.

நீ கண்ணை மூடிக்கொண்டு தூங்குவது போல இருந்தாய். சுவர்ப் பக்கம் ஒரு ஸ்டூல் கிடந்தது, அதில் உட்கார்ந்தேன். நர்ஸ், "எழுப்பட்டுமா?" என்றாள். வேண்டாம் என்றேன். தூங்குகிறவன் இமை எப்படி இருக்கும், தூங்குவதாக நடிக்கிறவன் இமை எப்படித் துடிக்கும் என்று எனக்கு நீ சொல்லித் தர வேண்டாம். ஆயுசு பூராவும் ஒரு இமையைத்தான் செதுக்கியிருக்கிறேன். ஒன்றைத்தான் என்றாலும் ஒழுங்காகச் செதுக்கியிருக்கிறேன்.

உன் மணிக்கட்டு என் இரண்டு விரலுக்குள் அடங்குகிறது. நீ விழித்துவிடுவாய் என்று தொட்டவுடன் விட்டுவிட்டேன். கொண்டுவந்த சட்டையையும் போர்வையையும் அண்ணி கொடுத்தாள் என்று நர்ஸிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து அழுதேன். பக்கத்தில் இருந்தவர், "பர்ஸ் போயிடுச்சா?" என்று கேட்டார்.

தெரியாமல் நடந்தது என்று எனக்கு நானே சொல்லிப் பார்க்கிறேன். தெரியவில்லையா, தெரிந்துகொள்ளவில்லையா? அண்ணன் என்பதால் நல்ல இடத்தைப் பிடித்துக்கொண்டேன். நல்ல இடம் என்று அப்போது தெரியாது. ஆனால் வெயில் காலத்தில் உன் பக்கம் ஒரு பொட்டுக் காற்று வராத மாதிரி நீ வியர்த்து வழிந்ததை நான் பார்த்திருக்கிறேனே. காற்று வரும், தூசியோடு வரும், அதனால் துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாய் என்று இப்போதுதான் புரிகிறது.

கோயில் செயலாளரிடம் சிலை வேண்டாம் என்று சொல்லிவிடப் போகிறேன். வலப் பாதி முடிந்துவிட்டது. இடப் பாதியில் கன்னத்தைத் தாண்டி என் கை போகவில்லை. மெஷினைத் தொட்டாலே உன் இருமல் கேட்கிறது. நீ என் முன்னால் இருமாமல் அடக்கினாயே, அந்த இருமல்.

அண்ணன்


ஆகஸ்ட் 30

அண்ணா,

நடித்ததற்கு மன்னித்துவிடு. கண்ணைத் திறந்தால் பேச வேண்டும். பேசினால் இருமுவேன். இருமினால் நீ அழுவாய். அதற்கு இது தேவலை என்று தோன்றியது. நீ போன பிறகு போர்வையை முகத்தில் போட்டுக்கொண்டேன். நம் வீட்டுச் சோப்பு வாசனை வந்தது.

காற்று விஷயத்தைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே. எனக்குத் தெரியும். சின்ன வயதில் தெரியாது, பிறகு தெரிந்தது. இடம் மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்க ஒரு தரம் வாய்வரை வந்தது. மாற்றினால் அந்தப் பக்கம் நீதானே உட்கார வேண்டும்? அப்புறம் எப்படிக் கேட்பது?

இப்போது நான் ஒன்று கேட்கிறேன். சிலையை விடாதே. முடித்துக் கொடு. என் பாதி என்று ஒன்று கடைசியாக அந்தக் கோயிலில் உட்காரட்டும். நான் செய்யாவிட்டாலும் அது என் பாதிதான். இடக் கண்ணை எப்படிச் செய்வது என்று சொல்கிறேன், கேட்டுக்கொள். வலக் கண்ணைப் பார்த்து இடக் கண்ணைச் செய்யாதே. அதுதான் எல்லோரும் செய்கிற தப்பு. பார்த்துச் செய்தால் கண்ணாடி பிம்பம் மாதிரி செத்துப் போகும். வலக் கண்ணில் ஒரு துணியைப் போட்டு மூடிவிடு. மூக்குத் தண்டிலிருந்து கட்டை விரல் அகலம் விட்டு, கீழ் இமையை முதலில் எடு. மேல் இமை தானாக வரும். கடைசி நாள்தான் துணியை எடுக்க வேண்டும்.

இன்னொன்று. தண்ணீர் ஊற்றாதே. நானா சொல்கிறேன் என்று பார்க்கிறாயா? நான்தான். அந்த மாதிரிக் கல் இனி வராது என்று நீயே எழுதினாய். மெஷின் வேலை தோளிலும் கையிலும் கொஞ்சம்தான் பாக்கி இருக்கும். வாயில் துணி கட்டிக்கொண்டு சீக்கிரம் முடித்துவிடு. எனக்கு ஆனது ஆகிவிட்டது. கல்லாவது பிழைக்கட்டும்.

தம்பி


செப்டம்பர் 16

தம்பிக்கு,

நீ எழுதியபடி வலக் கண்ணைத் துணியால் மூடினேன். கீழ் இமையை முதலில் எடுத்தேன். மேல் இமை தானாகத்தான் வந்தது. உளி வேலைதான், தூசி அதிகம் இல்லை. துணியை எடுத்துப் பார்த்தபோது நீயே வந்து செய்துவிட்டுப் போன மாதிரி இருந்தது. உன் அண்ணியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். தோளும் கையும் பாக்கி இருந்தன. நாள் நெருங்கிவிட்டது. அடுத்த தெருவிலிருந்து இரண்டு ஆட்களைக் கூட்டி வந்தேன். அண்ணனும் தம்பியும். இரண்டு பேரும் கல்யாணமானவர்கள், நல்ல கை. எட்டு ஆள் வைத்துக் கல்லைக் குறுக்கே திருப்பிவிட்டு, ஒருவர் கதவுப் பக்கம் வெட்டும்போது மற்றவர் தெருப் படியில் இருங்கள், மாற்றி மாற்றிச் செய்யுங்கள் என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனேன். திரும்பி வந்து பார்த்தால், பெரியவன் கதவுப் பக்கம் பலகையைப் போட்டு உட்கார்ந்திருக்கிறான். சின்னவன் சுவர்ப் பக்கம். யாரும் யாரையும் கேட்கவில்லை, சொல்லவில்லை. தண்ணீர் பள்ளத்துக்குப் போகிற மாதிரி அவனவன் இடத்துக்குப் போயிருக்கிறான். சின்னவன் தலை, புருவம் எல்லாம் வெள்ளை. பெரியவன் என்னைப் பார்த்து, "பாருங்க மேஸ்திரி, மாவு மில்லு மாதிரி" என்று சிரித்தான். சின்னவனும் சிரித்தான்.

நான் கொல்லைக்குப் போய்க் குழாயை இழுத்து வந்து, மெஷினில் சேர்த்து, தண்ணீரைத் திறந்துவிட்டேன்.

"மேஸ்திரி, கல்லு போயிடும்" என்று பெரியவன் கத்தினான். போகட்டும் என்றேன். தோளும் கையும் தண்ணீரிலேயே முடிந்தன. ஒரு பொட்டுத் தூசி இல்லை. சேறாக வழிந்து தரையில் ஓடியது. இவ்வளவுதான் தம்பி. ஒரு குழாய். இவ்வளவுதான் நீ கேட்டது.

அந்த வாரமே துரு ஏறிவிட்டது. இடத் தோளில் ஆரம்பித்து முழங்கைவரை. செயலாளர் வந்து பார்த்தார். விரலை வைத்துத் தேய்த்துப் பார்த்தார். "முகம் அற்புதமா இருக்கு. ஆனா பழுது உள்ளத வைக்க முடியாது, உங்களுக்கே தெரியும்" என்றார். கோபப்படவில்லை, அவருக்குக் கண் கலங்கியது. வேறு பட்டறையில் சொல்லிவிட்டார்கள். அங்கே தண்ணீர் ஊற்ற மாட்டார்கள். இந்த இரண்டு பேரும் அங்கேதான் வேலைக்குப் போயிருக்கிறார்கள். சின்னவன் எந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பான் என்று நான் போய்ப் பார்க்கவில்லை.

ஆக, யாருக்கும் ஒரு பிரயோசனமும் இல்லை. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். உன் பாதியும் போயிற்று, என் பாதியும் போயிற்று. கொல்லையில் இப்போது இரண்டு கல் கிடக்கின்றன. ஒன்று நீ கெடுத்தது, ஒன்று நான் கெடுத்தது. ஊற்று, ஊற்று என்று கெஞ்சினாய், கேட்கவில்லை. ஊற்றாதே என்று எழுதினாய், அப்போதும் கேட்கவில்லை. நான் உன் பேச்சை எப்போதடா கேட்டிருக்கிறேன்?

பட்டறையைப் பூட்டிவிட்டேன். அடுத்த வெள்ளிக்கிழமை பஸ்ஸில் வருகிறேன். அண்ணியும் வருகிறாள். இந்தத் தடவை தூங்குவது போல் நடித்தால் உலுக்கி எழுப்புவேன்.

அண்ணன்


செப்டம்பர் 21

அண்ணா,

மூச்சு வாங்குகிறது, கொஞ்சமாக எழுதுகிறேன்.

தண்ணீர் ஊற்றினாயா, முட்டாள். அந்தக் கல்லிலா? கடைக்காரர் உன் கடிதத்தைப் படித்துக் காட்டினார். மறுபடி படிக்கச் சொன்னேன். கல் போனதே என்று வயிறு எரிந்தது. அந்தக் குழாய் இருக்கிற இடத்தை மட்டும் மறுபடி மறுபடி படிக்கச் சொன்னேன். இடக் கண் எப்படி வந்தது என்று இன்னும் விவரமாக எழுதியிருக்கலாம்.

என்னை இடம் மாற்றிவிட்டார்கள். கதவுப் பக்கக் கட்டில்காரர் நேற்றுக் காலை போய்விட்டார். "காத்து வரும், உங்களுக்கு நல்லது" என்று நர்ஸ் என்னை அங்கே கொண்டுவந்து விட்டாள். வாழ்க்கையில் முதல் தடவையாகக் கதவுப் பக்கம் இருக்கிறேன். முதுகில் காற்று படுகிறது. சுகமாகத்தான் இருக்கிறது அண்ணா. இத்தனை நாள் நீ ஏன் பாட்டு முனகிக்கொண்டே வேலை செய்தாய் என்று இப்போது தெரிகிறது.

நீ வெள்ளிக்கிழமை வருகிறாய். அதற்குள் கட்டில் காலியாக இருந்தால் நர்ஸோடு சண்டை போடாதே. அவள் நல்லவள். அண்ணியைச் சத்தம் போட்டு அழ விடாதே, மற்றவர்கள் பயப்படுவார்கள்.

நான் இருந்தால், அந்த ஸ்டூலில் உட்காராதே. அது சுவர்ப் பக்கம் கிடக்கிறது. நான் இருமுவது காற்றோடு அந்தப் பக்கம்தான் போகிறது. நீ அங்கே உட்கார வேண்டாம். கட்டிலில் என் பக்கத்திலேயே இடம் இருக்கிறது. நான் மெலிந்துவிட்டேன், இரண்டு பேர் தாராளமாக உட்காரலாம்.

வெள்ளெலி